முழங்கால் வலிக்குப் போடும் மாத்திரை சிறுநீரகத்தில் என்ன செய்கிறது?

முழங்கால் வலி என்று மருந்துக்கடையில் சொன்னால் பெரும்பாலும் கைக்கு வருவது அசெக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் கலந்த மாத்திரைதான். போட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் வலி இறங்கிவிடும். மூட்டுத் தேய்மானம் மட்டும் உள்ளவர் அதை நாலைந்து நாள் போட்டுவிட்டு நிறுத்தினால் பெரும்பாலும் தொல்லை இருக்காது. அதே வலியோடு சர்க்கரை நோயும் அதனால் வந்த சிறுநீரகப் பாதிப்பும் உள்ளவருக்கு விஷயமே வேறு. காரணம் புரிந்துவிட்டால், எதைத் தவிர்ப்பது, வலியை வேறு எப்படி அடக்குவது என்பதும் தெளிவாகும்.

குருத்தெலும்பில் வலி நரம்புகள் கிடையாது. அது தேய்ந்தபின் வலிப்பது அடியில் உள்ள எலும்பும், மூட்டை உள்ளே போர்த்தியிருக்கும் சவ்வும்தான். அழற்சியில் வீங்கிய அந்தச் சவ்வு புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது. அது நரம்பு நுனிகளைக் கூர்மையாக்கிவிடுவதால், படியில் கால் வைப்பது போன்ற சாதாரண அழுத்தம்கூட வலியாகத் தெரிகிறது. ஆஸ்பிரின் வகை மருந்துகள் (அசெக்ளோஃபெனாக்கும் இதில் சேரும்) புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுத்தே வலியைக் குறைக்கின்றன என்று 1971இல் ஜான் வேன் காட்டினார். 1982இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

சிக்கல் என்னவென்றால், அதே புரோஸ்டாகிளாண்டின் சிறுநீரகத்துக்குக் காவல் வேலையும் பார்க்கிறது. நம் சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதி திரும்ப ரத்தத்துக்கே போய்விடும். வடிகட்ட ரத்த அழுத்தம் வேண்டும். ஒவ்வொரு நுண் வடிகட்டிக்கும் ரத்தம் உள்ளே வரும் குழாய் ஒன்று, வெளியே போகும் குழாய் ஒன்று. உள்ளே வரும் குழாயை விரித்து வைப்பது புரோஸ்டாகிளாண்டின். வெளியே போகும் குழாயை இறுக்கி, வடிகட்டிக்குள் அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வது ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன். நல்ல சிறுநீரகம் புரோஸ்டாகிளாண்டினைப் பெரிதாக நம்பியிருப்பதில்லை. ஏற்கெனவே பழுதடைந்ததும், உடலில் நீர் வற்றியிருக்கும்போது திணறுவதும் அதைத்தான் நம்பி ஓடுகின்றன.

இப்போது ஒரு சர்க்கரை நோயாளியின் மருந்துப் பையைப் பாருங்கள். டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று பெரும்பாலும் இருக்கும். இவை சிறுநீரகத்தைக் காக்கக் கொடுக்கப்படும் நல்ல மருந்துகள். வெளியே போகும் குழாயைத் தளர்த்துபவை. கால் வீக்கத்துக்கோ ரத்த அழுத்தத்துக்கோ நீர் பிரியும் மாத்திரை இருந்தால் ரத்தத்தின் கொள்ளளவும் குறையும். இவற்றின் மேல் வலி மாத்திரையும் சேரும்போது உள்ளே வரும் குழாயும் சுருங்குகிறது. வரத்து குறைந்து, வெளியேற்றம் தளர்ந்து, கொள்ளளவும் சரிந்தால் வடிகட்ட அழுத்தம் ஏது? இந்த மூன்றும் சேர்ந்த முதல் 30 நாள்களில்தான் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்புக்கான ஆபத்து மிக அதிகம். சித்திரை வெயிலில், அல்லது வயிற்றுப்போக்கு கண்ட நாளில் போடும் இரண்டே மாத்திரைகூடப் போதும்.

வயிற்றைக் காக்கும் நவீன மாத்திரை என்று எட்டோரிகாக்ஸிப், செலிகாக்ஸிப் ஆகியவற்றைச் சொல்வார்கள். வயிற்றுப் புண் குறைவது உண்மைதான். சிறுநீரகத்துக்கு அந்தச் சலுகை இல்லை, ஏனெனில் அவை தடுக்கும் நொதி சிறுநீரகத்திலும் வேலை செய்கிறது. இந்த வகை மருந்து சிறுநீரகத்தை எந்த அளவுக்குத் தாக்கக்கூடும் என்பதற்குப் பாறுக் கழுகுகளே சாட்சி. இதே வகையைச் சேர்ந்த டைக்ளோஃபெனாக் ஊசி போட்ட மாடுகளின் சடலத்தைத் தின்று, சிறுநீரகம் பழுதாகி அவை கூட்டம் கூட்டமாக மடிந்தன. கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தருவதை இந்தியா 2006இல் தடை செய்தது. நீலகிரியின் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்று எஞ்சியிருக்கும் பாறுகளைக் காக்க இன்னும் பாடுபட வேண்டியிருக்கிறது. மனிதச் சிறுநீரகம் அவ்வளவு எளிதில் மடிவதில்லை. ஆனால் வலியே காட்டாமல் கெட்டுப்போகும்.

கிரியாட்டினின் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. கிரியாட்டினின் தசையிலிருந்து ரத்தத்துக்கு வந்து, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு. 30 வயது ஆணுக்கு அது 1.3 என்றால் வடிகட்டும் திறன் சுமார் 76. 68 வயதுப் பெண்ணுக்கு அதே 1.3 என்றால் திறன் 45தான். இந்தத் திறனைக் காட்ட அறிக்கையில் இ.ஜி.எஃப்.ஆர். என்று போட்டிருக்கும் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 60க்குக் கீழே இருந்தால் இந்த வகை வலி மாத்திரைகளை நாள்கணக்கில் தொடரக் கூடாது; 30க்குக் கீழே அறவே கூடாது என்பது சிறுநீரக மருத்துவத்தின் சர்வதேச வழிகாட்டுதல். அட்டையின் பின்பக்கத்தில் அசெக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், நேப்ராக்ஸன், பைராக்சிகாம், நிமெசுலைடு, மெஃபனமிக் அமிலம், கீட்டோரோலாக் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அது இந்த வகைதான். “பாராசிட்டமால்தான், பயப்படாதீங்க” என்று தரப்படும் கலவை மாத்திரையையும் திருப்பிப் பாருங்கள். ஒரே வாரத்தில் வலி போகும் என்று விற்கும் பெயரில்லாப் பொடிகளில் ஸ்டீராய்டும் இதே வலி மருந்துகளும் கலந்திருப்பது ஆய்வகச் சோதனைகளில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. பொடி தொடங்கியபின் காரணமில்லாமல் சர்க்கரை ஏறினால் சந்தேகப்படுங்கள்.

வலிக்கு என்னதான் செய்வது?

மேலே சொன்ன வகை வலி மருந்து சேராத தனிப் பாராசிட்டமால் சிறுநீரகத்துக்குப் பாதுகாப்பானது. உண்மையைச் சொன்னால், தேய்மான வலிக்கு அதன் பலன் குறைவு. ஒரு நாளின் உச்ச வரம்பு 4 கிராம். 50 கிலோவுக்குக் கீழே எடை, மதுப் பழக்கம், கல்லீரல் கோளாறு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் 2 கிராமில் நிறுத்திக்கொள்வது நல்லது. 650 மி.கி. மாத்திரை என்றால் மூன்று. சளி மாத்திரையில் இருக்கும் பாராசிட்டமாலும் இந்தக் கணக்கில் சேரும்.

மாத்திரையைவிட எங்கள் பரிந்துரை பூச்சு மருந்து. 1 சதவீத டைக்ளோஃபெனாக் ஜெல்லை ஒரு முழங்காலில் தடவும்போது ரத்தத்தில் சேருவது, மாத்திரையில் சேருவதில் சுமார் 6 சதவீதம்தான். பலரும் இதைப் பட்டாணி அளவு தடவிவிட்டுக் கேட்கவில்லை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். முழங்காலுக்கு உரிய அளவு ஒரு தடவைக்கு 4 கிராம், நாளைக்கு நான்கு தடவை. அந்தக் கணக்கில் 30 கிராம் டியூப் இரண்டே நாளில் தீர்ந்துவிடும். மூட்டின் எல்லாப் பக்கமும் தடவுங்கள், புண் உள்ள தோலில் வேண்டாம். இ.ஜி.எஃப்.ஆர். 30க்குக் கீழே உள்ளவர்கள் இதையும் மருத்துவரிடம் கேட்டே தொடங்க வேண்டும். மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் களிம்பு சிறுநீரகத்தைத் தொடுவதில்லை. முதல் சில நாள் எரியும். பலன் தெரிய இரண்டு வாரமாவது பொறுக்க வேண்டும். தடவிய இடத்தில் ஒத்தடம் கூடாது.

ஒத்தடம் என்றதும் ஒரு எச்சரிக்கை. சர்க்கரையால் காலில் உணர்ச்சி மங்கியவருக்குச் சூடு தெரியாது. தோல் வெந்தபின்தான் பார்ப்பார். வேறொருவர் கையால் சூட்டைப் பார்க்கட்டும். துண்டு சுற்றி, 15 நிமிடத்தோடு எடுத்துவிடுங்கள்.

நீண்ட நாளைக்கு வலியைக் குறைப்பதில் தொடைத் தசைக்கு இணையாக மருந்து எதுவும் இல்லை என்பதே எங்கள் முடிவு. முன்தொடைத் தசை வலுவாக இருந்தால் மூட்டில் இறங்கும் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். கால் நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தி 5 விநாடி பிடிக்க வேண்டும். பத்து முறை, காலையும் மாலையும். அது பழகியபின் மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி, மற்றதை நேராக ஓர் அடி உயரம் தூக்கி 5 விநாடி. மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும். வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாக ஓடும். செய்யும்போது கொஞ்சம் வலிக்கலாம். அடுத்த நாளும் வலி கூடுதலாகவே இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்தாதீர்கள். பலன் தெரிய ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் செய்யக் கூடாது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் பிசியோதெரபியும் உண்டு. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு ரேகைக்கு வர வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை சுமார் நான்கு கிலோ குறையும்.

இவ்வளவுக்கும் அடங்காத வலிக்கு டுலாக்ஸிடின் மாத்திரை ஒரு நல்ல வழி. மூட்டு வலி, சர்க்கரையால் வரும் பாத எரிச்சல் இரண்டுக்கும் அது உதவும். இ.ஜி.எஃப்.ஆர். 30க்குக் கீழே தரக் கூடாது. தொடங்கியதைத் திடீரென நிறுத்தவும் கூடாது. நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபாலின் சிறுநீர் வழியாகவே வெளியேறுவது. அளவைக் குறைக்காவிட்டால் உடலில் தேங்கி, மயக்கமும் தள்ளாட்டமும் வந்து, கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிவதில் போய் முடியும். கடும் வலிக்குத் தரும் டிரமடாலும் அளவு குறைத்துத் தர வேண்டியது. சர்க்கரையைத் திடீரென இறக்கவும் கூடும்.

மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரம் முதல் மூன்று மாதம் வரை வலியைத் தணிக்கும். அதற்குக் கொடுக்கும் விலை ரத்தச் சர்க்கரையில் தெரியும்: சில மணி நேரத்திலேயே ஏறத் தொடங்கி, ஒரு வாரம்வரை உயர்ந்திருக்கலாம். அந்த வாரம் காலையோடு நிற்காமல் பிற்பகலிலும் இரவிலும் பாருங்கள். இன்சுலினை எவ்வளவு கூட்டுவது என்பதை ஊசிக்கு முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்குள் மறு ஊசி வேண்டாம். அடிக்கடி போட்டால் மிச்சமிருக்கும் குருத்தெலும்பும் மெலிகிறது.

ஒரே இரவில் மூட்டு சிவந்து, சூடாகி, தொடவே முடியாமல் வீங்கினால் அது தேய்மானம் அல்ல. யூரிக் அமிலப் படிகமாக இருக்கலாம். சிறுநீரகப் பாதிப்பும் நீர் பிரியும் மாத்திரையும் அதற்கு இடம் கொடுப்பவை. காய்ச்சலும் சேர்ந்தால் சீழாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிக்கு அந்த ஆபத்து கூடுதல். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய், மூட்டு நீரை எடுத்துச் சோதிக்க வேண்டும். அங்கே அவசரத்தில் கீட்டோரோலாக் அல்லது டைக்ளோஃபெனாக் ஊசி போடக்கூடும். இ.ஜி.எஃப்.ஆர். எண்ணையும் அன்றாட மருந்துகளின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி, மருந்துப் பையிலேயே வைத்திருந்து, ஊசி போட வருபவரிடம் முதலில் அதைக் காட்டுங்கள்.