வீட்டில் செய்த வேப்பரைசர்: செல் இறங்க இறங்க ஏறும் ஆபத்து

பேட்டரி பேக்குகளைப் பழுது பார்ப்பது என் தொழில். கையால் கட்டிய வேப்பரைசர்களும் (திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் இ-சிகரெட் கருவிகள்) அவ்வப்போது என் மேசைக்கு வரும். சமீபத்தில் ஓர் இளைஞர் கொண்டுவந்த பெட்டி பார்க்க அழகாகவே இருந்தது. வோல்ட் காட்டும் சிறு டிஸ்பிளே, திருகினால் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் குமிழ், ஒரு பொத்தான். உள்ளே பழைய லேப்டாப் பேக்கிலிருந்து உருவிய 18650 செல் (உருளை வடிவ லித்தியம் பேட்டரி) ஒன்றும், அதன் வோல்ட்டை உயர்த்தித் தரும் பூஸ்ட் சர்க்யூட்டும். "ஃபுல் சார்ஜில் நல்லா இருக்கு சார், சார்ஜ் இறங்கினதும்தான் பெட்டி சுடுது" என்றார்.

அந்த ஒரு வரி எனக்குப் போதுமாக இருந்தது. பலரும் நேர்மாறாகத்தான் நினைக்கிறார்கள்: செல் நிறைந்திருந்தால் ஆபத்து, வடிந்தால் பயமில்லை என்று. வோல்ட்டை மாற்றும் சர்க்யூட் அப்படி நடந்துகொள்ளாது. திரவத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருளான காயிலுக்கு 30 வாட் வைத்திருக்கிறோம், சர்க்யூட்டின் திறன் 90 சதவீதம் என்றால் அது செல்லிலிருந்து சுமார் 33 வாட் இழுக்கும். செல் 4.2 வோல்ட்டில் இருக்கும்போது அது ஏறக்குறைய 8 ஆம்பியர். செல் 3 வோல்ட்டுக்கு வந்தபிறகும் அதே 33 வாட் வேண்டும், ஆகவே 11 ஆம்பியர் இழுக்கும். டிஸ்பிளேயில் எதுவும் மாறாது. ஆனால் செல்லுக்குள் உண்டாகும் சூடு ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறுவதால் அது இரண்டு மடங்காகிவிடும்.

லேப்டாப் செல்கள் பெரும்பாலும் 4, 5 ஆம்பியரைத் தொடர்ந்து கொடுக்கச் செய்யப்பட்டவை. அவர் கொண்டுவந்த செல்லின் உள்தடையை அளந்தேன், 90 மில்லி ஓம். 11 ஆம்பியர் ஓடினால் செல்லுக்குள்ளேயே 11 வாட் சூடு. சிறு சால்டரிங் அயர்னின் சூட்டை ஒரு மூடிய செல்லுக்குள் வைத்தது போல. உள்ளே இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தடுப்பு உருகினால் உள்ளிருக்கும் பாசிட்டிவ், நெகட்டிவ் மின்முனைகள் ஒன்றையொன்று தொட்டுவிடும். அப்புறம் நடப்பதை எந்தப் பொத்தானும் நிறுத்தாது. அதனால் செல் வாங்கும்போது கொள்ளளவைச் சொல்லும் மில்லி ஆம்பியர் மணியைப் பார்ப்பதற்கு முன் தயாரிப்பாளரின் தரவுத்தாளில் தொடர் டிஸ்சார்ஜ் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். மேலுறையில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள், செல் மீது எதை வேண்டுமானாலும் ஒட்டலாம். 3 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் தானாக வெட்டும் ஏற்பாடு சர்க்யூட்டில் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

சிலர் வோல்ட்டைக் குறைத்துத் தரும் எல்எம்317 ஐசியைப் போட்டுக் கட்டுகிறார்கள். அது 1.5 ஆம்பியருக்கான ஐசி, மிச்ச வோல்ட்டையெல்லாம் சூடாக்கியே தள்ளும். இந்த வேலைக்கு அது சரிவராது. இரண்டு செல்லைத் தொடராகப் போடுகிறவர்கள் ஒன்று புதிது, ஒன்று பழையது என்று கலப்பதையும் பார்த்திருக்கிறேன். பலவீனமானது முதலில் வடிந்துவிடும், மற்றது அதன் வழியாகவே கரண்டைத் தள்ளி அதன் பாசிட்டிவ், நெகட்டிவைத் தலைகீழாக்கும்.

மேலுறையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 18650 செல்லின் உலோக உடல் முழுவதுமே நெகட்டிவ். பாசிட்டிவ் மூடியைச் சுற்றியுள்ள விளிம்பும் நெகட்டிவ்தான். மூடிக்கும் அந்த விளிம்புக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய வளையமும் பிளாஸ்டிக் உறையும் மட்டுமே. உறை கிழிந்த செல் சாவிக்கொத்தோடு பையில் கிடந்தால் ஷார்ட் ஆகும். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2009 முதல் 2016 வரை ஊடகங்களில் வந்த 195 இ-சிகரெட் தீ, வெடிப்பு நிகழ்வுகளைத் தொகுத்தது. கருவியோ உதிரி பேட்டரியோ பையில் இருந்தபோது நடந்தவையும் உபயோகிக்கும்போது நடந்தவையும் ஏறக்குறைய சம அளவு. பெட்டியில் வாயு வெளியேற ஓட்டை இல்லாமல் இறுக்கி மூடுவதும் எனக்கு வயிற்றைக் கலக்கும் விஷயம். செல் வாயுவைக் கக்கினால் அது போக வழியில்லாமல் பெட்டியே சிதறும்.

வோல்ட்டைக் கூட்டினால் திரவத்துக்கு என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். 2015இல் வெளியான ஓர் ஆய்வில் 3.3 வோல்ட்டில் தென்படாத, ஃபார்மால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் சார்ந்த சேர்மங்கள் 5 வோல்ட்டில் தென்பட்டன. அந்தச் சூட்டில் தொண்டை கரிந்து யாரும் இழுக்க மாட்டார்கள் என்று விமர்சித்தவர்களும் உண்டு. இழுக்கும் பழக்கம் இல்லாதவர்கள் வேப்பரைசரைத் தொடங்கவே வேண்டாம் என்பது என் எண்ணம்.

அந்த இளைஞரிடம் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு செல்லை என்னிடமே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். செல்லின் இரு முனைகளிலும் டேப் ஒட்டி, மறுசுழற்சிக்குப் போகும் டப்பாவில் போட்டேன்.