நோட்டா என்றால் 'எவருமில்லை'. 'நிராகரிப்பு' அல்ல

'யார் வந்தாலும் இதே கதிதான், எதுக்கு ஓட்டு?' என்று வெறுத்துப்போனவர்கள் கடைசியில் வந்து நிற்கும் சொல் நோட்டா. 'நன் ஆஃப் தி அபவ்' என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஆக்கியது. வினாத்தாளில் நான்காவது விடையாக 'மேற்கண்ட எதுவுமில்லை' என்று வருமே, அதே தொடர்தான்.

வாக்குச்சீட்டில் இதற்குச் சட்டப்படி இடம் தந்த முன்னோடிகளில் ஒன்று அமெரிக்காவின் நெவாடா மாநிலம். 1975இல் சட்டம், 1976இல் நடைமுறை. அந்த முதல் ஆண்டிலேயே ஒரு கட்சியின் உட்தேர்தலில் 'இவர்களில் எவருமில்லை' முதலிடம் பெற்றது. ஆனாலும் இரண்டாமிடம் வந்தவரே வேட்பாளர் ஆனார். பிறப்பிலேயே பல்லில்லாத ஏற்பாடு இது.

நம் ஊரில் நோட்டாவுக்கு முன்பு புழங்கிய சொல் '49 ஓ'. 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் ஓர் உட்பிரிவு அது. படிவம் 17ஏ என்ற வாக்காளர் பதிவேட்டில் கையெழுத்திட்டு, மை வைத்துக்கொண்ட பிறகு, 'எனக்கு ஓட்டுப் போட விருப்பமில்லை' என்று அலுவலரிடம் சொல்ல வேண்டும். அவர் குறிப்பு எழுதுவார், அதன் எதிரே மறுபடி கையெழுத்து அல்லது கைநாட்டு. எதிர்வரிசையில் கட்சி ஏஜெண்டுகள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஊரில் அவர்கள் முகத்தில் தினமும் விழிக்க வேண்டியவருக்கு இது எத்தனை சங்கடம்! மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2004இல் தொடுத்த வழக்கில், தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான அமர்வு 27.9.2013 அன்று, இந்த முறை வாக்கின் ரகசியத்தைக் குலைக்கிறது என்று சொல்லி, இயந்திரத்தில் தனிப் பொத்தான் வைக்க உத்தரவிட்டது. அந்த ஆண்டு இறுதியில் ஐந்து மாநிலத் தேர்தல்களிலும் ஏற்காடு இடைத்தேர்தலிலும் அது வந்தது. சீட்டின் மேல் கறுப்புப் பெருக்கல் குறி போட்ட சின்னம் 2015இல் சேர்ந்தது.

பொத்தான் எப்போதும் கடைசி வேட்பாளருக்கு அடுத்து இருக்கும். ஓர் இயந்திரத்தில் 16 பொத்தான்கள்தாம். எனவே 15 பேருக்கு மேல் போட்டியிட்டால் நோட்டா அடுத்த இயந்திரத்துக்குப் போய்விடும். முதல் இயந்திரத்தின் அடியில் தேடிவிட்டு 'நோட்டாவே இல்லை' என்று திரும்புபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அழுத்தியதும், யாருக்குப் போட்டோம் என்று அச்சிட்டுக் காட்டும் விவிபாட் கருவியின் கண்ணாடியில் 7 விநாடி சீட்டு தெரியும். அதையும் பார்த்துவிட்டு நகருங்கள்.

இனி, பலரும் தவறாகப் புரிந்துகொண்ட இடம். நோட்டா எண்ணப்படும். ஆனால் வெற்றியைத் தீர்மானிக்காது. ஒரு தொகுதியில் 1,00,000 வாக்கு பதிவாகி, நோட்டா 60,000, ஒருவர் 25,000, இன்னொருவர் 15,000 என்று வைத்துக்கொள்வோம். 25,000 பெற்றவர் எம்.எல்.ஏ. மறுதேர்தல் கிடையாது. டெபாசிட் கணக்கு இன்னும் வேடிக்கையாகப் போகும். டெபாசிட் தப்ப, செல்லுபடியான வாக்கில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெற வேண்டும். அந்தக் கூட்டலில் நோட்டா சேராது. ஆறில் ஒரு பங்கு பார்ப்பது 40,000க்குத்தான், அதாவது ஏறத்தாழ 6,667. எனவே 15,000 பெற்றவரின் டெபாசிட் தப்பும். நோட்டாவையும் சேர்த்திருந்தால் 16,667 தேவைப்பட்டு, பணம் போயிருக்கும். வேட்பாளரைத் தண்டிப்பதாக நினைத்து அழுத்திய வாக்கால் அவர் பணத்தைத் தொடக்கூட முடியவில்லை.

2024இல் இந்தூர் மக்களவைத் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளர் விலகிக்கொண்ட பிறகு, நோட்டாவுக்கு 2,18,674 பேர் வாக்களித்தார்கள். வெற்றி பாஜகவுக்கு. அதே தேர்தலில் சூரத்தில் போட்டியே இல்லாமல் ஒருவர் தேர்வானதால் வாக்குப்பதிவே நடக்கவில்லை. ஒரே வேட்பாளர் மிஞ்சினால் நோட்டாவுக்கும் வேலை போய்விடுகிறது.

இதனால்தான் நோட்டாவை 'நிராகரிப்பு வாக்கு' என்று எழுதுவதை ஏற்க மனம் வரவில்லை. நிராகரித்தால் நிராகரிக்கப்பட்டவர் போக வேண்டும், இங்கே அவர் சட்டமன்றத்துக்குப் போகிறார். கொலம்பியாவின் 'வெற்று வாக்கு' அந்தப் பெயருக்குத் தகும். அது பாதிக்கு மேல் வந்தால் ஒருமுறை மறுதேர்தல் நடக்கும். 2011இல் பெல்யோ நகர மேயர் தேர்தலில் அப்படி நடந்தது. ஹரியானா மாநிலத் தேர்தல் ஆணையமும் 2018இல், உள்ளாட்சித் தேர்தலில் நோட்டா முந்தினால் மறுதேர்தல் என்று விதி வகுத்தது. சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களுக்கு அது பொருந்தாது. 'எதிர்ப்பு வாக்கு' என்பதும் சரிவராது. ஆளுங்கட்சிக்கு எதிராக எதிர்க்கட்சிக்குப் போடும் ஓட்டும் எதிர்ப்பு வாக்குதானே?

சரியான தமிழ் 'எவருமில்லை'. ஒரே சொல்லாகச் சேர்த்தே எழுதலாம்: எவருமில்லை வாக்கு, எவருமில்லை பொத்தான். பேச்சில் 'யாருமில்லை' என்றாலும் குற்றமில்லை. செய்திகளில் முதல் இடத்தில் 'எவருமில்லை (நோட்டா)' என்று போட்டுவிட்டு, பிறகு தமிழையே தொடரலாம்.

உங்கள் பூத்தில் எத்தனை எவருமில்லை விழுந்தது என்று பார்க்க, படிவம் 20 என்ற முடிவுத் தாளைத் தேடுங்கள். ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் தனி வரி, எவருமில்லைக்குத் தனிக் கட்டம். தோற்ற கட்சிக்காரர்கள் முதலில் எடுத்துப் படிப்பதும் அந்தத் தாளைத்தான்.