புவியண்மைச் சிறுகோள்

'பூமியை நெருங்கும் விண்கல்' என்று செய்தித் தலைப்பு வந்தால், அங்கே சொல்லப்படுவது பெரும்பாலும் விண்கல் அல்ல. காற்றுமண்டலத்தைத் தாண்டித் தரையில் விழுந்து கிடப்பதுதான் விண்கல். இன்னும் சூரியனைச் சுற்றிக்கொண்டிருப்பது சிறுகோள், அதாவது ஆஸ்டிராய்டு.

1801 சனவரி 1 அன்று இத்தாலியின் பலெர்மோ நகரில் வானியலாளர் பியாட்சி, சீரிஸ் என்ற முதல் சிறுகோளைக் கண்டார். மறு ஆண்டு பல்லாஸ் என்ற இன்னொன்று அகப்பட்டது. தொலைநோக்கியில் இரண்டும் விண்மீன்போல் வெறும் புள்ளியாகவே தெரிந்தன. அதனால் 1802இல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல், ஆஸ்டிராய்டு என்ற, 'விண்மீனை ஒத்தது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை எடுத்தாண்டார். விண்வெளி வீரரைக் குறிக்கும் அஸ்ட்ரோநாட் என்பதும் அதே வேரில் பிறந்ததே: விண்மீன் கடலோடி.

தமிழ்ப் பெயர் தோற்றத்தை விட்டுவிட்டு இயல்பைப் பிடித்தது. 'நாள்மீன் விராய கோள்மீன் போல' என்கிறது பட்டினப்பாலை. வானில் இடம் மாறி உலவுவது கோள்மீன். கொள் என்ற வினையில் பிறந்த அந்தக் கோளோடு 'சிறு' சேர்ந்தது. குறுங்கோள் என்றும் சிலர் எழுதுகிறார்கள். புளூட்டோ போன்றவற்றுக்கும் அச்சொல் வழங்குவதால், சிறுகோளே குழப்பமில்லாதது.

இனி 'புவியண்மை'. சூரியனுக்கு மிக அருகில் வரும்போது 1.3 வானியல் அலகுக்குள் (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தொலைவு), ஏறத்தாழ 19.5 கோடி கி.மீ.க்குள், வருபவை இந்த வகை. அண்மை என்பது சுற்றுப்பாதையைக் குறித்தது. இன்றைக்கு அந்தச் சிறுகோள் சூரியனுக்கு அந்தப் பக்கம்கூட இருக்கலாம். 1898இல் கண்டறியப்பட்ட ஈரோசுதான் இவ்வகையில் முதலாவது.

2025க்குப் பிறகு விண்வெளி வீரர்களைச் சிறுகோளுக்கு அனுப்புவோம் என்று 2010 ஏப்ரல் 15 அன்று ஒபாமா அறிவித்தார். அதற்காக நாசா வீரர்கள் 2011, 2012இல் ஃபுளோரிடாக் கடலடியில் உள்ள அக்குவாரியஸ் கூடத்தில் தங்கிப் பழகினார்கள். பின்னர் திட்டம் சுருங்கி, 2017இல் கைவிடப்பட்டது. எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது.

கடலடியில் ஏன் பழக வேண்டும்? சிறுகோளில் ஈர்ப்பு மிகக் குறைவு; நீரில் மிதப்பது அதற்கு ஓரளவு ஒப்பானது. ஏறக்குறைய அரை கி.மீ. குறுக்களவுள்ள பென்னு சிறுகோளில், நொடிக்கு 20 செ.மீ. வேகத்தில் எழும்பினாலே திரும்பி விழமாட்டோம். நம் சாதாரண நடையே அதைவிடப் பல மடங்கு வேகம். ஆகவே 'தரையிறங்குதல்' இங்கே பொருந்தாது. படகு துறையில் அணைவதுபோல் 'அணைதல்' என்பதே சரி. அணைந்த பின் கயிறு கட்டிப் பற்றிக்கொள்ள வேண்டும். அதிலும் சிக்கல் உண்டு: 2020இல் நாசாவின் ஆளில்லா ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலத்தின் கை பென்னுவைத் தொட்டபோது ஏறத்தாழ அரை மீட்டர் உள்ளே புதைந்தது. பென்னு ஒரே பாறையல்ல, தளர்வாகச் சேர்ந்த கற்குவியல். அதில் எளிதில் முளை அடிக்க முடியாது.