சரக்கு போச்சு, பணம் வரல: சிறுதொழில் பாக்கியை வசூலிக்கும் வழிகள்

மதுரை பக்கம் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையிலிருந்து போன சரக்கை இறக்கும்போதே, டெலிவரி சலானில் வாங்குபவரின் கையெழுத்து, சீல், தேதி மூன்றையும் வாங்கிவிடுங்கள். பின்னால் வரும் கணக்கெல்லாம் அந்தத் தேதியிலிருந்துதான். வாட்ச்மேன் கிறுக்கிய சலானை வைத்து வாதாடுவது பெரும்பாடு.

2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்துக்கு 15 நாளில் பணம் தர வேண்டும். எழுத்தில் கெடு பேசியிருந்தால் அந்தக் கெடு. ஆனால் பர்ச்சேஸ் ஆர்டரில் 90 நாள் என்று அச்சடித்திருந்தாலும் 45 நாளுக்கு மேல் செல்லாது. சரக்கில் குறை என்றால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். பணம் கேட்ட பிறகு "அளவு சரியில்லையே" என்று இழுப்பது எளிதில் எடுபடாது. கெடு தாண்டினால் பேங்க் ரேட்டைப் (ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி விகிதம்) போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. பேங்க் ரேட் 5.5 என்றால் வட்டி 16.5 சதவீதம்.

மனுவை ஆன்லைனில் போடலாம். அதை விசாரிக்கும் ஃபெசிலிடேஷன் கவுன்சில் (இந்தப் பாக்கித் தகராறுகளுக்கான அரசு அமைப்பு) மதுரையிலேயே இருக்கிறது, சென்னைக்கு அலைய வேண்டாம். முதலில் சமரசம் பேசுவார்கள். படியாவிட்டால் நடுவர் தீர்ப்பு. அதை எதிர்த்து வாங்கியவர் கோர்ட்டுக்குப் போனால் 75 சதவீதத் தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். இந்தச் சட்டத்தின் பலமே அதுதான். 90 நாளில் முடிக்கச் சொல்கிறது சட்டம்; நடப்பில் இழுக்கும்.

பலர் சறுக்குவது உத்யம் பதிவில், அதாவது சிறுதொழில்களுக்கான அரசின் ஆன்லைன் பதிவில். பாக்கி விழுந்த பிறகு ஓடிப்போய்ப் பதிந்தால், பழைய பில்லுக்கு உதவும் என்று நம்ப முடியாது. கீழமாசி வீதியில் வாங்கி விற்கும் வியாபாரிக்கு உத்யம் இருந்தாலும் இந்த வழி கிடையாது. அவர் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். கையெழுத்திட்ட புரோநோட்டோ எழுத்து ஒப்பந்தமோ இருந்தால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 37-இல் சுருக்க வழக்கு (நீண்ட விசாரணை இல்லாமல் சீக்கிரம் முடிக்கும் வழக்கு) போடலாம். சம்மன் கிடைத்த 10 நாளில் பிரதிவாதி ஆஜராகாவிட்டால் டிகிரி (தீர்ப்பாணை) கேட்கலாம்.

செக் ரிட்டர்ன் ஆனால் நாள் எண்ணத் தொடங்குங்கள். ரிட்டர்ன் தகவல் வந்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ். அது கிடைத்ததிலிருந்து 15 நாள் அவகாசம். அதிலும் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் செக் ரிட்டர்னுக்கான மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில் வழக்கு. செக் கொடுத்தவர் சிவகாசிக்காரராக இருந்தாலும், உங்கள் கணக்கு மதுரைக் கிளையில் என்றால் வழக்கும் மதுரையில்தான்.

சிவில் வழக்குக்குக் காலக்கெடு மூன்று வருடம். "அடுத்த தீபாவளிக்குத் தர்றேன்ணே" என்பவரிடம், அந்தக் கெடு முடிவதற்குள், பாக்கித் தொகையை ஒப்புக்கொண்டு ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள். அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம் ஓடும்.