மழைக்கு முன் ஊசி: முதியோருக்கும் நாள்பட்ட நோயாளிகளுக்கும் கோவிட், ஃப்ளூ தடுப்பூசிகள்

புதுச்சேரியில் பொது மருத்துவம் பார்ப்பவர்களை அக்டோபர் மாதத்தில் ஒரு கேள்வி தேடி வரும். பிரான்சில் இருக்கும் மகனோ மகளோ தொலைபேசியில் பேசும்போது, அங்கே கோவிட் ஊசியும் ஃப்ளூ ஊசியும் போடத் தொடங்கிவிட்டதாகச் சொல்லியிருப்பார்கள்; பெற்றோர் வந்து, "டாக்டர், அந்த ஊசி எங்களுக்கும் உண்டா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்ப முடியாத கேள்வியும்கூட.

பிரான்சில் 65 வயதைக் கடந்தவர்களுக்கும் நாள்பட்ட நோயுள்ளவர்களுக்கும் ஆண்டுதோறும் இலையுதிர்காலத்தில் கோவிட் தடுப்பூசி பரிந்துரைக்கப்படுகிறது. 2024-இல் அது அக்டோபர் 15 அன்று ஃப்ளூ தடுப்பூசியுடன் சேர்த்தே தொடங்கியது. இங்கிலாந்தில் 2025-இல் வயது வரம்பை 75 ஆக உயர்த்திவிட்டார்கள். வயது நாட்டுக்கு நாடு மாறினாலும், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள் இரண்டு நாட்டுப் பட்டியலிலும் இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டில் 2022 ஜனவரி 10 முதல் 'முன்னெச்சரிக்கைத் தவணை' என்ற பெயரில் பூஸ்டர் போடப்பட்டது. அதற்குப் பிறகு ஆண்டுதோறும் போடும் அரசுத் திட்டம் எதுவும் இல்லை. என்னிடம் வரும் முதியவர்களில் பலர் கடைசியாக ஊசி போட்டுக்கொண்டது அந்த ஆண்டில்தான். அன்று பெருவாரியாகப் போடப்பட்ட கோவிஷீல்டு, கோவாக்சின் இரண்டுமே தொடக்ககாலக் கிருமியை அடிப்படையாக வைத்துத் தயாரிக்கப்பட்டவை. அதன்பின் ஒமைக்ரானும் அதன் கிளைகளும் பரவி, 2024 ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனம் ஜேஎன்.1 வகைக்கு ஏற்பத் தடுப்பூசியை மாற்றும்படி பரிந்துரைத்தது. அப்படிப் புதுப்பிக்கப்பட்ட ஊசி நம் ஊர் மருந்தகங்களில் எளிதில் கிடைப்பதில்லை. இதை மறைக்காமல் சொல்லிவிடுவதே நல்லது என்று நினைக்கிறேன்.

பழைய ஊசியின் பலன் முழுவதும் போய்விட்டதா என்றால், இல்லை. ஊசி போட்டபின் இரத்தத்தில் பெருகும் எதிர்ப்புப் புரதங்கள் சில மாதங்களில் குறைந்துவிடும். ஆனால் கிருமியை அடையாளம் வைத்துக்கொள்ளும் நினைவுச் செல்கள் நீண்ட காலம் தங்கி, நோய் முற்றாமல் காக்கின்றன. ஆரோக்கியமான நாற்பது வயதுக்காரருக்கு அது பெரும்பாலும் போதும். எண்பது வயதில் அந்தச் செல்களே தளர்ந்திருக்கும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்கள், கீமோ சிகிச்சை பெறுபவர்கள், மூட்டுவாத நோய்க்கு ரிட்டுக்சிமாப் போன்ற மருந்தை ஏற்றிக்கொள்பவர்கள் ஆகியோருக்கு, அவர்கள் உயிர்வாழத் தேவைப்படும் சிகிச்சையே தடுப்பூசியின் பலனையும் குறைத்துவிடுகிறது. ரிட்டுக்சிமாப் ஏற்றிய உடனே போடும் தடுப்பூசி சரியாக வேலை செய்யாது. அடுத்த தவணை மருந்து ஏற்றுவதற்குச் சில வாரங்கள் முன்னதாகப் போட்டுக்கொள்வது பயன் தரும். இத்தகையவர்கள் கோவிட் பூஸ்டர் குறித்துத் தங்கள் சிறப்பு மருத்துவரிடம் தாங்களாகவே பேச்சைத் தொடங்க வேண்டும். நெரிசல் மிகுந்த புறநோயாளிப் பிரிவில் அந்தப் பேச்சு தானாக எழுவது அரிது.

இனி, கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும் நாம் கண்டுகொள்ளாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஃப்ளூ தடுப்பூசி புதுச்சேரியிலும் கடலூரிலும் கிடைக்கிறது. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டும் வருகிறது. சர்க்கரை நோய், இதயச் செயலிழப்பு, ஆஸ்துமா உள்ளவர்களை ஃப்ளூ காய்ச்சல் மருத்துவமனைப் படுக்கை வரை கொண்டுபோய்விடும்; நிமோனியாவாக முற்றுவதும் உண்டு. வட இந்தியச் சமவெளிகளில் ஃப்ளூ ஜூலை முதல் செப்டம்பர் வரை உச்சத்தில் இருக்க, தென்மேற்குப் பருவமழை குறைவாகப் பெய்யும் நம் கிழக்குக் கரையிலோ வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்து வருகிறது. ஊசி போட்டு எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். ஆகவே ஆவணிக் கடைசியிலோ புரட்டாசித் தொடக்கத்திலோ போட்டுக்கொண்டால் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குள் உடல் ஆயத்தமாகிவிடும். சென்ற ஆண்டு போட்டதே போதும் என்று இருக்கக் கூடாது. நிமோனியா தடுப்பூசி இதிலிருந்து வேறுபட்டது; அதை ஆண்டுதோறும் போட வேண்டியதில்லை.

2024-இல் கோவிஷீல்டு பற்றிய செய்திகள் வெளிவந்தபின், பலர் எந்த ஊசியும் வேண்டாம் என்கிறார்கள். அவர்களுடைய அச்சத்தை நான் அலட்சியப்படுத்துவதில்லை. அந்தத் தடுப்பூசியால் மிக அரிதாக இரத்தம் உறைந்து, இரத்தத் தட்டணுக்களும் குறைந்தது உண்மை. ஆனால் அது பெரும்பாலும் முதல் தவணைக்குப் பின், சில வாரங்களுக்குள் ஏற்பட்டது; பல ஆண்டுகளுக்குப் பிறகு வருவதாக எந்தச் சான்றும் இல்லை. ஃப்ளூ தடுப்பூசிக்கும் அதற்கும் தொடர்பே கிடையாது. இதன் தயாரிப்பு முறை முற்றிலும் வேறு.

இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் போட்டுக்கொள்ளலாம். முன்கூட்டியே சொன்னால் மெல்லிய ஊசியைப் பயன்படுத்துவோம். போட்ட இடத்தைத் தேய்க்காமல் சில நிமிடங்கள் அழுத்திப் பிடித்தால் போதும். முன்பு ஏதேனும் தடுப்பூசியால் மூச்சுத்திணறலோ முகவீக்கமோ வந்திருந்தால் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். படுக்கையில் இருக்கும் முதியவருக்கு வீட்டில் உள்ள மற்றவர்களும், முக்கியமாகப் பள்ளிக்குப் போகும் பேரப்பிள்ளைகளும், போட்டுக்கொள்வது கூடுதல் காப்பு.

ஊசி போட்டவருக்கும் காய்ச்சல் வரக்கூடும். அப்போது மருந்தகத்தில் மாத்திரை வாங்கி நான்கைந்து நாள் பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள். ஃப்ளூவுக்கான ஓசெல்டாமிவிர் மாத்திரை அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்கு வேலை செய்யும். கோவிட்டுக்கான மாத்திரைகளையும் ஐந்து நாட்களுக்குள் தொடங்கியாக வேண்டும். அவற்றுள் சில, மாற்றுச் சிறுநீரகத்துக்காகச் சாப்பிடும் மருந்துகளோடு ஒத்துப்போகாதவை என்பதால், வரும்போது அன்றாடம் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் எடுத்து வாருங்கள்.