தரையில் நிற்கும் பத்தில் ஒரு செக்கன்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் எழுதிக் கேட்டிருக்கிறார்: "மகளுக்கு 13 வயது. பாடசாலை இல்ல மெய்வல்லுநர் போட்டியில் 100 மீற்றரை 15.4 செக்கனில் ஓடி நான்காவதாக வந்தாள். காலை இன்னும் வேகமாக வீசு என்று எல்லோரும் சொல்கிறார்கள். வீசித்தான் பார்க்கிறாள், நேரம் குறையவில்லை. வீட்டுக்குப் பக்கத்திலேயே செய்யக்கூடிய எளிய பயிற்சிகள் இருக்கின்றனவா?"

இருக்கின்றன. கருவி எதுவும் வேண்டாம், ஒரு துண்டுப் புல்தரை போதும். ஆனால் பயிற்சிகளுக்குப் போகுமுன் "காலை வேகமாக வீசு" என்ற அந்த அறிவுரையைப் பார்த்துவிட வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளின் காதில் விழுந்துவரும் இந்தச் சொல் அவர்களுடைய கவனத்தைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகிறது.

2000ஆம் ஆண்டில் பீற்றர் வேயண்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 33 பேரை விசை அளக்கும் ஓடுபட்டியில் ஓடவிட்டு அளந்தார்கள். அவர்களுள் மெதுவானவரின் உச்ச வேகம் செக்கனுக்கு 6.2 மீற்றர், விரைவானவருடையது 11.1 மீற்றர். ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். ஆனால் தரையை விட்ட கால் காற்றில் முன்னே வந்து மறுபடி தரையைத் தொட எடுத்த நேரம் இருவருக்கும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. வேகமானவர்கள் காலை விரைவாக வீசவில்லை. தரையைத் தொட்ட நேரத்தில் தங்கள் நிறையோடு ஒப்பிட்டால் அதிக விசையைத் தரைக்குக் கொடுத்தார்கள். நியூற்றனின் மூன்றாம் விதிப்படி தரை அதைத் திருப்பிக் கொடுத்தது.

எவ்வளவு விசை என்பதைப் பத்தாம் வகுப்புக் கணக்கால் கண்டுபிடிக்கலாம். சீரான வேகத்தில் ஓடுபவரின் உடல் ஒவ்வோர் அடியிலும் சற்று மேலெழும்பி அதே உயரத்துக்குத் திரும்பி வருகிறது. ஆகவே ஓர் அடி முழுவதற்கும் சராசரி எடுத்தால், தரை மேல்நோக்கித் தரும் விசை உடல் நிறைக்குச் சமமாக இருந்தாக வேண்டும். ஆனால் கால் அந்த நேரம் முழுவதும் தரையில் இருப்பதில்லை. உலகத் தரமான ஓட்ட வீரரின் பாதம் 0.09 செக்கன் தரையில் இருக்கிறது, ஏறத்தாழ 0.13 செக்கன் அவர் காற்றில் இருக்கிறார். 0.22 செக்கனுக்கான கடனை 0.09 செக்கனில் அடைக்க வேண்டும். வகுத்துப் பாருங்கள்: உடல் நிறையைப்போல் 2.4 மடங்கு, அதுவும் ஒற்றைக் காலில். 42 கிலோகிராம் உள்ள சிறுமி அப்படி ஓட வேண்டுமானால் ஒவ்வோர் அடியிலும் 100 கிலோகிராமுக்கு மேற்பட்ட சுமையை ஒரே காலால் தாங்கித் தள்ள வேண்டும். இது சராசரிதான். உச்சக் கணத்தில் இன்னும் அதிகம்.

இதில் ஒரு பொறியும் இருக்கிறது. கால் தரையில் ஊன்றியிருக்கும்போது உடல் அதைக் கடந்து முன்னே போகும் தூரம் காலின் நீளத்தால் கட்டுப்பட்டது. பெரியவர்களுக்கும் அது ஒரு மீற்றர் அளவுதான். வேகம் கூடக்கூட அந்த ஒரு மீற்றரைக் கடக்கும் நேரம் குறைகிறது. அதாவது வேகமாக ஓட அதிக விசை வேண்டும், ஆனால் வேகமாக ஓடும்போது அதைக் கொடுப்பதற்கான நேரமே சுருங்கிப்போகிறது. ஒருவரின் உச்ச வேகம் எங்கே நிற்கிறது என்றால், இந்த இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில்.

என்னை இருபது ஆண்டுகளாக விடாமல் பிடித்து வைத்திருக்கும் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. தசை சுருங்கி அதன் முழு விசையை எட்டுவதற்கு ஏறத்தாழ 0.3 செக்கன் வேண்டும். கால் தரையில் இருப்பதோ 0.1 செக்கன். கால் பட்டதும் மூளைக்குத் தெரிந்து, மூளை கட்டளையிட்டு, தசை இறுகித் தள்ளும் என்றால் அதற்குள் ஓடுபவர் அடுத்த அடியில் இருப்பார். இன்னொரு தடையையும் ஏ. வி. ஹில் என்ற உடலியல் ஆய்வாளர் 1938இல் காட்டினார். தசை எவ்வளவு விரைவாகச் சுருங்குகிறதோ அவ்வளவு குறைந்த விசையைத்தான் அதனால் கொடுக்க முடியும். நேரமும் போதாது, வேகமாகச் சுருங்கினால் வலுவும் போதாது. அப்படியானால் அந்த 100 கிலோகிராம் எங்கிருந்து வருகிறது?

உங்கள் குதிக்காலுக்கு மேலே விரல்களால் பிடித்துப் பாருங்கள். கெட்டியான கயிறுபோல ஒன்று அகப்படும். கெண்டைக்கால் தசையைக் குதிக்கால் எலும்போடு இணைக்கும் தசைநாண் அது. மனித உடலிலேயே தடித்த, வலிய தசைநாண். ஓடும்போது பாதம் தரையில் பதிந்து கணுக்கால் மடங்கும் அந்தக் கணத்தில் இந்த நாண் இழுபட்டு நீள்கிறது, உடனே சுருங்கித் திரும்புகிறது. இழுக்கும்போது அதற்குள் போன சக்தியில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் திரும்ப வந்துவிடுகிறது. உள்ளங்கால் வளைவும் இப்படியே தட்டையாகி நிமிர்கிறது. 1987இல் வெளியான ஓர் ஆய்வு, மிதமான ஓட்டத்தில் ஒவ்வோர் அடியிலும் உடல் இழந்து மீளப்பெறும் சக்தியில் 35 வீதத்தைக் குதிக்கால் நாணும் 17 வீதத்தை உள்ளங்கால் வளைவும் சேமித்துத் தருகின்றன என்று கணக்கிட்டது. பாதி வேலையைத் தசை செய்யாமலே இரண்டு சுருள்வில்கள் செய்துவிடுகின்றன.

ஆனால் வில் தானாக இழுபடாது. கெற்றப்போல் அடித்தவர்களுக்கு இது தெரியும். இறப்பரை இழுத்துப் பிடிக்கும் கை உறுதியாக இருந்தால்தான் கல் பறக்கும், கை தளர்ந்தால் இறப்பர் நீளாது. இங்கே கெண்டைக்கால் தசைதான் அந்தக் கை. அது தரையில் கால் படுமுன்பே இறுகியிருக்க வேண்டும். இறுகிய தசை நீளம் மாறாமல் நிற்க, நாண் மட்டும் நீண்டு சுருங்குகிறது. ஹில் சொன்ன தடை இதனால் விலகிவிடுகிறது: தசை வேகமாகச் சுருங்கவே தேவையில்லை, பிடித்துக்கொண்டு நின்றால் போதும். வேகமான சுருக்கத்தை நாண் பார்த்துக்கொள்கிறது. தசைகளின் மின்னலைகளைப் பதிவு செய்து பார்த்தால், பாதம் இன்னும் காற்றில் இருக்கும்போதே கெண்டைக்கால் விழித்துக்கொள்வது தெரிகிறது. தரை எப்போது வரும் என்பதை உடல் முன்கூட்டியே கணித்து, வரப்போகும் அடிக்குத் தன்னை முறுக்கி வைத்திருக்கிறது. எத்தனை முறை எழுதினாலும் எனக்கு இதில் வியப்புக் குறைவதில்லை. 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் தங்கம் வென்றாரே நம் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், அவரைக் கோலுக்கு மேலே தூக்கிய காலும் இதே முன்முறுக்கத்தைத்தான் பயன்படுத்தியிருக்கும்.

இனிப் பயிற்சிகள். எல்லாவற்றையும் இந்த ஒன்றை மனத்தில் வைத்துப் பாருங்கள்: கால் படுமுன் இறுகு, பட்டதும் எழும்பு.

முதலாவது கணுக்கால் துள்ளல். கால்களைச் சேர்த்து, முழங்காலை அநேகமாக நேராக வைத்து, நின்ற இடத்திலேயே துள்ள வேண்டும். உயரம் முக்கியமில்லை, தரையில் இருக்கும் நேரம்தான் முக்கியம். காற்றில் இருக்கும்போது கால்விரல்கள் முகத்தை நோக்கி மேலே இழுபட்டிருக்கட்டும். நுனிப்பாதத்தில் இறங்கி, குதிக்கால் தரையில் படாமல் உடனே எழும்ப வேண்டும். பக்கத்தில் நின்று காதால் கேளுங்கள். "டக், டக்" என்று கூர்மையாகக் கேட்டால் நாண் வேலை செய்கிறது. "தொப்" என்று கேட்டால் முழங்கால் மடங்கிவிட்டது, தசை தளர்ந்துவிட்டது. பத்துத் துள்ளல்கள், ஒரு நிமிட ஓய்வு, மூன்று முறை. பழகிய பிறகு ஒற்றைக் காலில் செய்யலாம். நம் பிள்ளைகள் முன்பு முற்றத்தில் கயிறு அடித்தும் கெந்தித் தொட்டும் விளையாடியபோது செய்ததெல்லாம் இதுதான். கொழும்பின் மாடி வீடுகளில் முற்றமும் இல்லை, கெந்துவதும் இல்லை. வேகம் எங்கே போயிற்று என்று பிறகு தேடுகிறோம்.

இரண்டாவது ஏ ஸ்கிப். போலந்துப் பயிற்றுநர் ஜெராட் மாக் வகுத்த வரிசையில் முதல் பயிற்சி, அதனால் இந்தப் பெயர். முதலில் நடந்து செய்யுங்கள். தொடை இடுப்பு உயரத்துக்கு வரட்டும், பாதம் தொங்காமல் விரல்கள் மேல்நோக்கி இருக்கட்டும். அங்கிருந்து பாதத்தை இடுப்புக்கு நேர் கீழே தரையில் அடித்து இறக்க வேண்டும். முன்னே எட்டிப்போட்டால் அந்தக் கால் தடையாக நின்று உடலைப் பின்னுக்குத் தள்ளும். எட்டி வைத்தால் தூரம் கிடைக்கும் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இதை நூறு தடவை சொல்ல வேண்டியிருக்கும். நடை சரியானதும் ஒவ்வோர் அடிக்கும் ஒரு சிறு துள்ளல் சேர்த்தால் ஸ்கிப். 20 மீற்றர், நான்கு முறை.

மூன்றாவது, தடை தாண்டி ஓடுதல். பெரிய பாடசாலைகளில் குட்டித் தடைகள் வைத்திருப்பார்கள். சிலர் தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைக்கிறார்கள், அது வேண்டாம், மிதித்தால் கணுக்கால் பிசகும். கிழிந்த துணியைப் பட்டிகளாக்கி ஒன்றரை மீற்றர் இடைவெளியில் பத்து இடங்களில் விரித்தால் போதும். பத்து மீற்றர் ஓடிவந்து பட்டிகளுக்கிடையில் ஒவ்வோர் அடியாக வைத்துக் கடக்க வேண்டும். எட்டிப்போடும் பழக்கத்தை இது சொல்லாமலே திருத்தும். எளிதாக வந்தால் இடைவெளியை ஒரு சாண் கூட்டுங்கள்.

தொடக்கத்துக்கு, நின்று முன்னே சாய்ந்து விழப்போகும் தறுவாயில் ஓடிவிடும் பயிற்சி, 10 மீற்றர் மட்டும். முதல் அடிகளில் கால் கூடுதல் நேரம் தரையில் இருக்கும், அங்கே தசைக்கு நேரம் கிடைக்கிறது, பின்னோக்கித் தள்ளலாம். கடைசியாக, 20 மீற்றர் மெல்ல வேகமெடுத்து அடுத்த 20 மீற்றரை முழு வேகத்தில் ஓடுவது. நான்கு முறை, ஒவ்வொன்றுக்கும் இடையில் மூன்று நான்கு நிமிடம் நிற்க வேண்டும். இந்த ஓய்வு சோம்பல் இல்லை. தசையில் உடனடிச் சக்தியைத் தரும் பொஸ்போகிரியேற்றின் மீண்டும் நிரம்ப அவ்வளவு நேரம் தேவை. மூச்சு வாங்கிக்கொண்டே ஓடினால் மெதுவாக ஓடுவதைத்தான் பழகுவோம். நான் படித்த பாடசாலையில் 100 மீற்றர் ஓடுபவர்களையும் மைதானத்தைப் பத்துச் சுற்றுச் சுற்றவிட்டார்கள். அந்த நாட்களை நினைத்தால் இன்றும் மனம் பொறுப்பதில்லை.

வாரத்துக்கு இரண்டு நாட்கள், இடையில் இரண்டு நாள் ஓய்வு. நாண் தசையைவிட மெதுவாகத்தான் வலுப்பெறும், மாதக்கணக்காகும். வளரும் வயதில் குதிக்கால் எலும்பின் பின்புறம் இன்னும் முழுதாக இறுகியிராது. அங்கே வலித்தால் துள்ளலை நிறுத்திவிட வேண்டும், தைலம் தடவிக்கொண்டு தொடரக்கூடாது.

வெள்ளவத்தையில் இருப்பவர்கள் ரயில் பாதையைக் கடந்து கடற்கரை மணலில் பிள்ளைகளை ஓடவிடுவதைப் பார்க்கிறேன். மணலில் ஓடினால் கால் வலுக்கும் என்பது நம்பிக்கை. இளகிய மணலில் ஓட ஏறத்தாழ 1.6 மடங்கு சக்தி செலவாகிறது என்பது உண்மை, களைப்பு வரும். ஆனால் அந்தச் சக்தி மணலை நகர்த்துவதில் போய்விடுகிறது, நாணுக்கு இழுபட வேண்டிய தேவை குறைந்துவிடுகிறது. நாணைப் பழக்க உறுதியான தரை வேண்டும். காலிமுகத்திடலின் புல்தரையில் காலை ஏழு மணிக்கு முன்னால் போங்கள், வெயிலும் இராது, கூட்டமும் இராது.

போட்டி நாளில் இன்னும் இரண்டு வழக்கங்கள். ஒன்று, ஓடுமுன் கை நிறையக் குளுக்கோஸ் மாவை வாயில் கொட்டுவது. 15 செக்கன் ஓட்டத்துக்குத் தேவையான சக்தி முழுவதும் ஏற்கெனவே தசைக்குள் இருக்கிறது. அந்த மாவு குருதியில் கலப்பதற்குள் பரிசளிப்பே முடிந்துவிடும். மற்றது மந்திரித்த நூல். நூலால் தீமை இல்லை என்பார்கள். பிள்ளை தோற்றதும் "நூல் கட்டவில்லை, அதனால்தான்" என்று ஒரு காரணம் ஆயத்தமாக இருப்பதே தீமை. அதன் பிறகு காலை எங்கே ஊன்றினாள் என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

2000இல் சிட்னியில் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றரில் ஒலிம்பிக் பதக்கம் வென்றார். 2022 ஜூலையில் யுபுன் அபேகோன் 100 மீற்றரை 9.96 செக்கனில் ஓடி, தென்னாசியாவில் பத்துச் செக்கனுக்குக் கீழே வந்த முதல் மனிதரானார். அந்த ஓட்டத்துக்கு அவரைத் தயாராக்கியது இத்தாலி. திறமை இந்தத் தீவில் பிறக்கிறது, அளந்து வளர்க்கும் வேலை வேறெங்கோ நடக்கிறது. வென்ற பிறகு வழங்கும் பரிசுத் தொகையில் ஒரு பங்கை, தரையின் விசையை அளக்கும் தகடுகளுக்கும் அவற்றைப் படித்தறியும் நம் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் முன்கூட்டியே கொடுத்தால், மலையகத்திலும் மட்டக்களப்பிலும் வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளின் கால்களைப் பற்றி நமக்கே தெரிந்த தரவு இருக்கும். இதை நான் ஆண்டுதோறும் எழுதுவேன்.

தகடு வரும்வரை கைத்தொலைபேசி உதவும். பல கைத்தொலைபேசிகள் ஸ்லோ மோஷனில் செக்கனுக்கு 240 படங்கள் எடுக்கின்றன. முழு வேகத்தில் ஓடும்போது, தரையோடு ஒட்டிய உயரத்தில், பக்கவாட்டிலிருந்து எடுக்க வேண்டும். பிறகு பாதம் தரையைத் தொட்ட படத்திலிருந்து விட்ட படம்வரை ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணி, 240ஆல் வகுத்தால் தரையில் இருந்த நேரம் கிடைத்துவிடும். இதைச் சொன்னதும் அந்தத் தாய் மறுநாளே எடுத்து அனுப்பினார். மகளும் நானும் தனித்தனியே எண்ணினோம், இருவருக்கும் 32 வந்தது: 0.133 செக்கன். திகதியோடு கொப்பியில் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். எட்டு வாரம் கழித்து அதே இடத்தில், அதே சப்பாத்தோடு, மறுபடி எண்ணப் போகிறோம்.