மே மாதத்தில் க்ரீம் கேக் வேண்டாம்: நம் ஊர்ப் பருவத்துக்கு ஏற்ற வீட்டுக் கேக்குகள்

உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு, சென்னையில் வீட்டுப் பேக்கிங் வகுப்பு எடுக்கிறேன். வகுப்புக்கு வருகிறவர்கள் அதிகம் கேட்பது, "வீடியோவில் சொன்ன அளவு மாறாமல் செய்தேன் அக்கா, ஏன் நடுவில் அமுங்கிப் போச்சு?" என்பதுதான். அதற்கு அடுத்தபடி, பிறந்தநாளுக்குச் செய்த கேக்கைச் சாப்பிட்டுப் பிள்ளைகளுக்கு வயிற்றாலே போனதாகச் சொல்வார்கள். விசாரித்துப் பார்த்தால் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும். எந்த மாதத்தில் எந்தக் கேக் செய்கிறோம் என்று பார்க்காமல் செய்திருப்பார்கள். வெயிலுக்கு நீர்மோர், மழைக்கு மிளகு ரசம் என்று காலம் பார்த்துச் சமைக்கிற வீட்டிலும் கேக் மட்டும் வருஷம் முழுக்க ஒரே மாதிரி நடக்கிறது.

சித்திரை, வைகாசியிலிருந்து தொடங்குகிறேன். அதிகம் கெட்டுப்போவது அப்போதுதான்.

செய்முறைகளில் "வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்கட்டும்" என்று எழுதியிருப்பார்கள். அதை எழுதியவரின் அறை 20, 22 டிகிரியில் இருக்கும். கத்தரி வெயிலில் நம் சமையலறை 35 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். வெண்ணெயோ 32 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். சர்க்கரையோடு சேர்த்து அடிக்கும்போது வெண்ணெய் பிடித்து வைத்துக்கொள்ளும் காற்றுதான் பட்டர் கேக்கை எழும்ப வைக்கிறது. உருகிய வெண்ணெய் காற்றைப் பிடிக்காது. பேக்கிங் பவுடரை எவ்வளவு கூட்டினாலும் அதை ஈடுகட்ட முடியாது, கேக் கசப்பதுதான் மிச்சம். ஆகவே வெயில் காலத்தில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த வெண்ணெயைத் துண்டுகளாக நறுக்கிப் பத்து நிமிடம் வெளியே வைத்தால் போதும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரலில் எண்ணெய் மினுக்கக் கூடாது. அடிக்கிற பாத்திரத்துக்கு அடியில் ஐஸ் தண்ணீர்க் கிண்ணம் வைத்துக்கொள்வதும் நல்லது.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் அந்த இரண்டு மாதமும் எண்ணெயில் கேக் செய்யுங்கள் என்றுதான் நான் சொல்வேன். மாம்பழம் கிடைக்கிற காலம், வேறென்ன வேண்டும்? பங்கனப்பள்ளியோ மல்கோவாவோ, நார் குறைந்த பழமாக எடுத்துக்கொள்ளுங்கள். சதையை மிக்ஸியில் அடித்து, அடி கனமான பாத்திரத்தில் ஊற்றி, ஐந்தாறு நிமிடம் கிளறி நீரைச் சுண்டவிடுங்கள். சூடு ஆறியதும் ஒரு கப் கூழுக்கு முக்கால் கப் சர்க்கரை, அரைக் கப் வாசனையில்லாத எண்ணெய், கால் கப் கெட்டித் தயிர் என்ற கணக்கில் கலக்க வேண்டும். ஒன்றரைக் கப் மைதா, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி ஆப்பசோடா, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைச் சேர்த்துச் சலித்துவைத்து, மெதுவாகக் கலந்து, 175 டிகிரியில் நாற்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம் வேகவிடுங்கள். முட்டையும் வேண்டாம், மாவு அடிக்கும் பீட்டரும் வேண்டாம். எண்ணெய்க் கேக் என்பதால் ஃப்ரிட்ஜில் வைத்தாலும் கல்லாகாது. பழத்தின் ஈரம் இருப்பதால் அந்த வெயிலில் வெளியே ஒரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள்.

பழம் வாங்கும்போதும் ஒரு கவனம் வேண்டும். கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது. அப்படியும் கல் வைத்த பழங்கள் சந்தைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. தோல் முழுக்க ஒரே மஞ்சளாக இருந்து, வாசனையே இல்லாமல், வெட்டினால் உள்ளே வெளிறிப் புளிக்கிற பழத்தைச் சந்தேகப்படலாம். செங்காயாக வாங்கி வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ நீங்களே பழுக்க வைத்துக்கொள்வது நிம்மதி.

இப்போது க்ரீம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். பால், முட்டை, க்ரீம் சேர்ந்த பண்டத்தை ஃப்ரிட்ஜுக்கு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பில் பொதுவான விதி. 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரே மணி நேரம்தான். மே மாதம் ஏ.சி. இல்லாத கூடத்தில் மாலை ஆறு மணிக்கே க்ரீம் கேக்கை மேஜையில் வைத்து, சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்து சேரட்டும் என்று எட்டு மணி வரை காத்திருந்து வெட்டினால் என்ன ஆகும்? பார்க்க அழகாகவே இருக்கும், வாடைகூட மாறாது. ராத்திரிதான் தெரியும்.

"கடையில் வாங்கின விப் டாப்பிங் உருகவே இல்லையே அக்கா" என்பார்கள். உருகாததற்குக் காரணம், அவற்றில் பெரும்பாலானவை பால் க்ரீமே இல்லை, தாவரக் கொழுப்பு. பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். 'ஹைட்ரஜனேற்றப்பட்ட தாவரக் கொழுப்பு' என்று இருந்தால், இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பின் அளவையும் பாருங்கள். எண்ணெய், கொழுப்புகளில் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது ஜனவரி 2022 முதல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. உண்மையான பால் க்ரீமைத்தான் அடிக்கப் போகிறீர்கள் என்றால் கொழுப்பு 30 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். கடைகளில் எளிதில் கிடைக்கும் 25 சதவீத ஃப்ரெஷ் க்ரீமை எவ்வளவு நேரம் அடித்தாலும் நிற்காது. கோடைப் பிறந்தநாளுக்கு என் பரிந்துரை, மேலே ஐசிங் சுகர் மட்டும் தூவிய மாம்பழக் கேக். வெட்டும் நேரத்தில் பழத்துண்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பரிமாறுங்கள். குழந்தைகள் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

முட்டை பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெந்த கேக்கில் முட்டையால் பயமில்லை. வேகாத முட்டை சேரும் மூஸ், டிராமிசு போன்ற க்ரீம் இனிப்புகளை நம் வெயிலில் வீட்டில் செய்ய வேண்டாம். சால்மொனெல்லா என்ற கிருமியின் பயத்தால்தான் தமிழக அரசு ஏப்ரல் 2025-இல் பச்சை முட்டை மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை விதித்தது. கேக் மாவு கலக்கிய கரண்டியைக் குழந்தைகளுக்கு நக்கக் கொடுக்கும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். முட்டை சேர்க்காத மாவானாலும் சரி, பச்சை மைதாவிலும் கிருமி இருக்கலாம்.

ஆனி, ஆடியில் பெரிய சிக்கல் இல்லை. வாழைப்பழக் கேக்குக்கு நல்ல நேரம். சிறுமலைப் பழம் கிடைத்தால் விடாதீர்கள், நன்றாகக் கறுத்த பழமாக இருக்கட்டும். அன்னாசிக் கேக் செய்வதானால் பழத்தைச் சர்க்கரையோடு கொதிக்கவிட்டுச் சேருங்கள். பச்சை அன்னாசியில் உள்ள ஒரு நொதி ஜெலட்டினை உறைய விடாது, பால் க்ரீமையும் கசக்கச் செய்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் பிரச்சினை ஈரம். பேக்கிங் பவுடர் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொண்டு டப்பாவுக்குள்ளேயே வலுவிழந்துவிடும். கேக் செய்யும் முன் ஒரு தேக்கரண்டி எடுத்துச் சுடுதண்ணீரில் போட்டுப் பாருங்கள். பொங்கி நுரைத்தால் நல்லது, சோம்பலாக நாலு குமிழி வந்தால் தூக்கிப் போடுங்கள். ஆப்பசோடாவை எலுமிச்சைச் சாற்றில் போட்டுப் பார்க்கலாம். முந்திரி, பாதாம், வால்நட்டை ஃப்ரீசரில் வையுங்கள். ஈரத்தில் பூசணம் பிடித்த பருப்புகளில் அஃப்ளடாக்சின் என்ற நச்சு உண்டாகலாம். அது கல்லீரலைக் கெடுக்கும், வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. சிக்கு வாடை அடிக்கிற, நிறம் மாறிய பருப்பைக் கேக்கில் போட்டுத் தீர்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

மழைக்காலக் கேக் பூசணம் பூப்பதற்கு இன்னொரு காரணம் நம் அவசரம். வெதுவெதுப்பாக இருக்கும்போதே டப்பாவில் போட்டு மூடினால் மூடியில் நீர் கோத்துக் கேக்கின் மேலேயே சொட்டும். கம்பித் தட்டில் வைத்து, அடிப்பக்கமும் குளிரும்வரை ஆறவிட வேண்டும். பூசணம் தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. கேக் பஞ்சு போன்றது, பூசணத்தின் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். முழுசாக எறிந்துவிடுங்கள். வீணாகிறதே என்று மனசு அடித்துக்கொண்டால், அந்த இரண்டு மாதமும் பாதி அளவில் சின்னச் சின்னக் கப் கேக்குகளாகச் செய்யுங்கள். ஊட்டி கேரட் போட்டு, பட்டை, சுக்கு சேர்த்த கேக் மழை நாளின் தேநீருக்கு அவ்வளவு பொருத்தம்.

மழையில் கரண்ட் போகும் என்று குக்கரில் கேக் வைப்பவர்கள் நிறைய. தாராளமாக வைக்கலாம், ஆனால் காஸ்கெட்டையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிடுங்கள். தண்ணீர் இல்லாத குக்கரை அழுத்தம் ஏற்றி மூடுவது ஆபத்து. அடியில் உப்பு பரப்பி, ஸ்டாண்டு வைத்து, சிறு தீயில் வேகவிடுவதுதான் முறை.

மார்கழி கேக்குக்காகவே வந்த மாதம். இங்கே டிசம்பரில் காற்றும் குளிர்ந்திருக்கும், வெண்ணெயும் சொன்ன பேச்சைக் கேட்கும். இந்தியர் ஒருவர் செய்த முதல் கிறிஸ்துமஸ் கேக், 1883-இல் கேரளத்தின் தலச்சேரியில் மம்பள்ளி பாபு என்ற பேக்கரிக்காரர் செய்தது என்று சொல்வார்கள். பழக் கேக் நம் பக்கத்துக்கு ஒன்றும் புதுசில்லை. அது வாரக்கணக்கில் கெடாமல் நிற்பதற்குக் காரணம், சர்க்கரையும் உலர்பழமும் ரம்மும் சேர்ந்து கிருமிகளுக்கு வேண்டிய ஈரத்தைக் கட்டிப்போட்டு விடுவதுதான். பலர் ரம்முக்குப் பதில் ஆரஞ்சுச் சாறில் பழத்தை ஊறவைத்து, அதையும் ஒரு மாதம் அலமாரியில் வைக்கிறார்கள். தவறு. சாறு புளித்துப் பொங்கிவிடும். சாற்றில் ஊறும் பழம் ஃப்ரிட்ஜில்தான் இருக்க வேண்டும், இரண்டு மூன்று நாள் போதும். அப்படிச் செய்த கேக்கும் ரம் கேக் அளவுக்கு நாள் தாங்காது.

காராமல் காய்ச்சும்போது குழந்தைகளை அடுப்படிக்கு விடாதீர்கள். உருகிச் சிவந்த சர்க்கரையின் சூடு 170 டிகிரியைத் தொடும். அதில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். தீயை அணைத்துவிட்டு, நன்றாகச் சுட்ட தண்ணீரைக் கை நீட்டித் தள்ளி நின்று சிறிது சிறிதாக ஊற்றுங்கள்.

தை பிறந்தால் புது வெல்லம் வரும். வெல்லக் கேக் சர்க்கரை நோயாளிகளுக்கு நல்லது என்று நம்பி அப்பாவுக்குத் தினமும் ஒரு துண்டு கொடுத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். இரும்பும் தாதுக்களும் கொஞ்சம் இருக்கலாம், ஆனால் ரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில் வெல்லமும் கருப்பட்டியும் வெள்ளைச் சர்க்கரையின் உறவுதான். சுவைக்காகச் செய்யுங்கள், மருந்தாக நினைத்துச் செய்யாதீர்கள்.

பிப்ரவரியில் ரெட் வெல்வெட் என்ற சிவப்புக் கேக்கின் மோகம் வந்துவிடும். உணவில் சேர்க்கக் கூடாத ரோடமின்-பி என்ற சாயம் இருந்ததால் தமிழக அரசு பிப்ரவரி 2024-இல் பஞ்சு மிட்டாயைத் தடை செய்தது நினைவிருக்கும். லேபிள் இல்லாமல் சின்னப் பொட்டலத்தில் விற்கிற சிவப்புப் பொடியை வீட்டுக்குள் விடாதீர்கள். அனுமதிக்கப்பட்ட நிறம்தானா, உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள், அதையும் துளி அளவுதான் சேர்க்க வேண்டும். பீட்ரூட் போட்டால் வெந்தபின் பழுப்பாகிவிடுகிறது என்பார்கள். சோடா அதிகமானாலும் பீட்ரூட்டின் நிறம் மாறும். சோடாவைக் குறைத்து, மோரும் எலுமிச்சைச் சாறும் சேர்த்தால் ஓரளவு இளஞ்சிவப்பு நிற்கும். கடைக் கேக்கின் அடர்சிவப்பு வராது. வராவிட்டால் என்ன?

பங்குனி, சித்திரையில் பதநீர்க் காலம். உடன்குடிப் பக்கத்திலிருந்து புதுக் கருப்பட்டி வரும்போது கருப்பட்டிக் கேக் செய்யலாம். 200 கிராமை அரைக் கப் தண்ணீரில் கரைத்து, துணியில் கட்டாயம் வடிகட்டுங்கள், மண்ணும் சுண்ணாம்பும் அடியில் தங்கும். பாகு முழுதாக ஆறிய பிறகே முட்டையில் ஊற்ற வேண்டும், சூடாக ஊற்றினால் முட்டை திரிந்துவிடும். கோதுமை மாவில் செய்வதானால் மைதாவைவிடக் கூடுதலாக இரண்டு மேஜைக்கரண்டி பால் வேண்டியிருக்கும். ஏலக்காய் வேண்டாம், சுக்குப் பொடி போதும்.